பாவாடைச் சாயம் ஏறிய பொம்மை: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
திருபுவனம், கும்பகோணம் அருகில்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வினைல் பொம்மையில் உடையின் சாயம் ஏறியதும், உங்கள் ஆலோசனையால் புருவம் அழிந்ததும்.

ஐயா / அம்மா,

ஆவணியில் என் பேத்தியின் பிறந்தநாளுக்கு உங்கள் வினைல் பொம்மை ஒன்றை 1,899 ரூபாய்க்கு வாங்கினேன். கருநீல வெல்வெட் பாவாடை, வெள்ளைச் சட்டை. நவராத்திரிக்கு அதையும் கொலுவில் வைத்தே ஆக வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்ததால் மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தோம். விஜயதசமி முடிந்து எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது பாவாடையைக் கழற்றினால், இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டினாற்போல ஒரு நீலக் கோடு. இரண்டு தொடையிலும் திட்டுத் திட்டாக நீலம்.

நெற்றியிலும் ஒரு கறை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. பொட்டில்லாமல் கொலுவில் வைக்கக் கூடாது என்று பேத்தி சிவப்பு பால் பாயின்ட் பேனாவால் வைத்த பொட்டு அது. அது எங்கள் வீட்டுக் காரியம், அதற்கு உங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. நான் கேட்பது நீலத்தைப் பற்றி. நீங்களோ இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, "குழந்தை பயன்படுத்திய விதத்தால் வந்த கறை" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டீர்கள். பாவாடை கட்டிய பொம்மைக்குப் பாவாடையை அப்படியே விட்டு வைத்ததைத் தவிர அந்தக் குழந்தை என்ன செய்தது?

எங்கள் ஊர் பட்டுச் சேலை நெய்கிற ஊர். என் மாமனார் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அரக்கு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் நூலைப் பிடிக்காமல் மேலாக நிற்கும் சாயம் அதிகம், அலசுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை விடக் கூடாது என்பார். உங்கள் பாவாடையை நனைத்த வெள்ளை வேட்டித் துண்டால் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தேன். துண்டு நீலமாகிவிட்டது. இது கெட்டிச்சாயம் இல்லை. அந்தத் துண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்து உங்கள் உதவி எண். எடுத்துப் பேசியவர் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கச் சொன்னார். நம்பி, நெற்றியில் ஆரம்பித்தேன். பொட்டு கரைந்து பரவியது, இடது புருவம் முழுதாகப் பஞ்சோடு வந்துவிட்டது, துடைத்த இடம் சொரசொரப்பாகிவிட்டது. அந்தத் திரவத்தில் இருக்கும் அசிட்டோன் முகத்தில் வரைந்த பெயின்டையும் கரைக்கும், வினைலையும் அரிக்கும். பொம்மை விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் தம்பி மகன்தான் விளக்கமாகச் சொன்னான். வினைல் வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சாயமும் மையும் அதில் கரைந்து உள்ளே இறங்கிவிடும், அதனால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைக் கறையின் மேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தால் அது உள்ளே போய் நிறத்தை வெளுக்க வைக்குமாம். வாங்கினேன், 2.5 சதவீத ஜெல். ஆனால் ஐப்பசி அடைமழையில் டெல்டாவில் வெயிலுக்கு எங்கே போவது? மழை விட்ட நாளாகப் பார்த்து மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவதும், தூறல் விழுந்தால் வடகத்தை எடுக்க ஓடுவது போல ஓடுவதுமாக மூன்று வாரம் போயிற்று. வெயில் கிடைத்தது மொத்தம் ஆறு நாள். பொட்டு அநேகமாக மறைந்துவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தொடையில் நீலம் பாதி குறைந்திருக்கிறது. இடுப்புக் கோடு மட்டும் அசையவில்லை. ஒரு நாள் ஜெல் வழிந்து முழங்காலுக்கு மேல் ஒரு இடம் வெளுத்தும் போனது. அது என் கைப்பிசகு, உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். சாயம் போகாத உடையோடு வேறு பொம்மை தாருங்கள், இல்லையென்றால் 1,899 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இனி விற்கும் பாவாடைகளுக்கு உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் தையுங்கள். அதுவரை "அடர் நிற உடையை அணிவித்தே வைக்க வேண்டாம்" என்று பெட்டியிலாவது அச்சிடுங்கள். அப்புறம், ரிமூவரால் துடைக்கச் சொல்வதை இன்றைக்கே நிறுத்துங்கள். இன்னும் எத்தனை வீட்டில் புருவம் போகிறதோ.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனக்குத் தஞ்சாவூர் ஒரு பஸ் தூரம்தான். வந்து போகிற அலைச்சல் உங்களுக்கு.

பில் நகலும் ஐந்து புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன். பொம்மையையும் அனுப்பச் சொல்லாதீர்கள். ஒற்றைப் புருவத்தோடேயே அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேத்தி தூங்குகிறாள், கேட்டால் தர மாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருபுவனம்.