ஆற்றங்கரைச் சந்திப்புக்குக் கைகொடுங்கள்

அன்பான உறவுகளே,

டூங்காபி ஸ்டேஷனில் புதிதாக ஒரு தமிழரைக் கண்டால், பெயரைக் கேட்குமுன்னே "ஊரில எவ்விடம்?" என்று கேட்கிற ஆட்கள் நாம். ஆனால் வீடு வாங்கி, பின்வளவில் முருங்கை நட்டு, பிள்ளைகளை வளர்க்கிற இந்த மேற்கு சிட்னி யாருடைய ஊர் என்று மட்டும் கனகாலம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

இது டாருக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். இங்குள்ள பரமட்டா நகரின் பெயரே அவர்களுடைய சொல். விலாங்குகள் கூடும் இடம் என்று பொருள். அந்த விலாங்குகள் முட்டையிடுவதற்காக ஆற்றை விட்டிறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பவளக் கடல் பக்கம் போகின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தோடு வந்து மறுபடி ஆறுகளில் ஏறுகின்றன. நம்மில் பலர் அந்தப் பெயரை ரக்பி அணியின் பெயராக மட்டுமே அறிவோம்.

வரும் ஜூலையில், ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரத்தில், டாருக் மூத்தோரோடு ஆற்றங்கரையில் ஒரு பகல் முழுக்க இருக்க ஏற்பாடு செய்கிறோம். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

போன வருடம் நாங்கள் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறோம். மண்டபத்தில் நடந்த விழாவுக்கு டாருக் மக்களில் ஒரு மூத்த அம்மாவை வரவேற்புரைக்கு அழைத்தோம். (அவர்களும் மூத்தோரை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைப்பார்கள், நமக்குச் சிரமமே இருக்கவில்லை.) மைக் வேலை செய்யாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்து பேசினார். சவுண்ட்காரருக்குக் காசு கொடுத்தோம், மேக்கப் போட்டவருக்கும் கொடுத்தோம். அந்த அம்மாவுக்கு ஒரு பொன்னாடையும் லட்டுப் பெட்டியும்! அந்த வரவேற்பை அந்த மண்ணுக்குரியவர்கள்தான் சொல்ல முடியும், வேறு யாரும் சொல்ல முடியாது. அதற்கு உரிய கட்டணம் உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே இம்முறை சேரும் பணத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே. பச்சை யூகலிப்டஸ் இலைகளை நெருப்பிலிட்டுப் புகையெழுப்பும் சடங்கை நடத்துபவர்கள், கரையோரம் நம் பிள்ளைகளை நடத்திச் சென்று செடிகொடிகளைக் காட்டுபவர், லொமாண்ட்ரா என்ற புல் போன்ற செடியின் நீண்ட இலையில் கூடை பின்னப் பழக்கும் பெண்கள், எல்லோருக்கும் முன்கூட்டியே பேசிய தொகை கொடுக்கப்படும். ஓலைப்பெட்டி இழைத்த கைகள் நம் அம்மம்மாமாரிடமும் இருக்கின்றன. அவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். இரண்டு பாயும் பக்கத்துப் பக்கத்தில் விரிக்கப்படும்.

மேற்கு சிட்னியிலேயே உள்ள பிளாக்டவுனின் கதையையும் அன்று கேட்கலாம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பள்ளி ஒன்று 1823இல் பரமட்டாவிலிருந்து அங்கே மாற்றப்பட்டது. அந்த நிலம் 2018இல்தான் டாருக் மக்களிடம் திரும்பி வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நாங்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மிச்சப் பணம் காப்புறுதிக்கும், நகரசபை அனுமதிக்கும், மூத்தோருக்கான கூடாரம், கதிரைகளுக்கும் போகும். சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம், வீட்டுக்கு ஒரு சட்டி கொண்டு வந்தால் போதும்.

குடும்பத்துக்கு 30 டாலர் என்று எதிர்பார்க்கிறோம். முடிந்தவர்கள் கூடத் தரலாம், முடியாதவர்கள் தயங்காமல் சும்மா வாருங்கள். மே மாத முடிவுக்குள் செயற்குழுவில் யாரிடமாவது கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரிக்கழிவு கிடைக்காது, இப்போதே சொல்லிவிடுகிறோம். கணக்கு விபரம் சந்திப்பு முடிந்த இரண்டு கிழமைக்குள் எல்லோருக்கும் வரும்.

அப்புறம், ஜூலைக் குளிர், அதுவும் ஆற்றங்கரை. பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் உட்காரப் பாயும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்