டோட்முண்டின் ‘ஊ’: வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், ஜேர்மனியின் டோட்முண்ட் நகரத்தில் நடக்கும் இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்கள், பெற்றோர்கள், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், கணக்கறிக்கை முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழும்புகிற நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா கையை உயர்த்தினார். “பிள்ளையளுக்கு யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிச் சொல்லிக் குடுக்கிறம். அவையள் பிறந்த டோட்முண்டைப் பற்றி எங்களிலை ஆருக்காவது வடிவாத் தெரியுமோ?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வரலாற்று வட்டத்தின் இந்த ஆண்டு வேலை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. வருடம் முழுவதும் ஒரே பொருளைப் படிப்பதென்று முடிவெடுத்தோம். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில், கூரைகளுக்கு மேலே பொன்னிறத்தில் நிற்கிற ‘ஊ’ (U) என்ற அந்த எழுத்தும், அதன் கீழே இருந்த டோட்முண்டர் ஊனியோன் பியர் ஆலையுமே அந்தப் பொருள்.

இதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். தமிழ்ப்பள்ளி நடக்கிற இடத்தில் பியரின் கதையா என்று கேட்டார்கள். குடியால் நம்மவர் குடும்பங்கள் பட்ட பாட்டை நேரில் கண்ட ஓர் அம்மா மிக நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இருக்கவில்லை. சந்திப்புகளில் மது பரிமாறுவதில்லை, குடியின் கேட்டையும் சேர்த்தே படிப்பது என்று அன்றைக்கே தீர்மானித்தோம். அந்த அம்மா அதன்பிறகு ஒரு சந்திப்பையும் தவறவிடவில்லை. மாதம் ஒருமுறை கூடினோம். கோடை விடுமுறையிலும், ஹம் காமாட்சி அம்பாள் கோவில் திருவிழாக் காலத்திலும் கூடவில்லை.

படித்ததைச் சொல்கிறேன். டோட்முண்டுக்குப் பியர் காய்ச்சும் உரிமையை மன்னர் அடோல்ஃப் ஃபொன் நாசௌ 1293இல் வழங்கினார். அக்காலத்துப் பியரில் கசப்புக் கொடுக்கும் ஹொப்பன் பூ இல்லை. ‘குரூட்’ என்ற மூலிகைக் கலவையைத்தான் போட்டார்கள். ஹொப்பன் பிறகு வந்தது. பல நூறு ஆண்டுகள் இது சிறு தொழிலாகவே கிடந்தது. 1840களில் சந்தைச் சதுக்கத்தில் இருந்த ‘குரோனெ’ ஆலையின் ஹைன்ரிஷ் வெங்கர் பவேரியா முறையில் அடிநொதிப் பியர் காய்ச்சத் தொடங்கினார். இந்த நகரத்தின் பியர்க் கதை உண்மையில் அங்கேதான் சூடுபிடிக்கிறது.

அடிநொதி என்றால் என்ன என்பதை எங்கள் வட்டத்தில் மூத்த ஐயா ஒருவர் கள்ளை வைத்து விளங்கப்படுத்தினார். பனையில் கட்டிய முட்டியில் இறங்கிய சாறு, ஒருவரும் தொடாமலே சில மணித்தியாலத்தில் பொங்கத் தொடங்கிவிடும். பழைய மேல்நொதிப் பியரும் சற்று வெப்பத்தில் நொதிப்பதுதான், சில நாளில் காரியம் முடிந்துவிடும். அடிநொதிப் பியர் அப்படியில்லை. அதன் ஈஸ்ட் குளிரிலே மெதுவாக வேலை செய்து பாத்திரத்தின் அடியில் போய்ப் படியும். அதற்குப் பிறகும் பியரைக் கிழமைக் கணக்கில் உறைநிலைக்குக் கிட்டிய குளிரில் முதிரவிட வேண்டும். எனவே ஆழமான நிலவறையும், மாரியில் வெட்டிச் சேர்த்த பனிக்கட்டியும் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. கார்ல் ஃபொன் லிண்டெ 1870களில் தன் குளிரூட்டும் இயந்திரத்தைச் சோதித்ததும் மியூனிக்கில் ஒரு பியர் ஆலையில்தான். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பூட்டன் பியர் ஆலையில் பிறந்தவன் என்று கேட்டபோது பிள்ளைகள் நம்பவே இல்லை.

1847இல் கேல்ன்–மிண்டன் புகையிரதப் பாதை டோட்முண்டுக்கு வந்தது. அதோடு நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின, உருக்காலைகள் எழுந்தன, போலந்துப் பக்கத்திலிருந்தும் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்தும் வேலை தேடி ஆட்கள் வந்து குவிந்தார்கள். சூளைக்கு முன்னால் நின்றவனுக்கும் சுரங்கத்தால் ஏறி வந்தவனுக்கும் தொண்டை வறண்டிருந்தது. அந்தத் தாகத்தின் மேல்தான் இந்த ஆலைகள் எழுந்தன. இதில் முதலாளிகளின் திறமையை மட்டும் புகழ்வது சரியல்ல என்பது எங்கள் வட்டத்தின் கருத்து. சம்பள நாளில் கூலியைக் குடித்துத் தீர்த்த ஆண்களும், அவர்களுக்காக வாசலில் காத்துநின்ற பெண்களும் இதே கதைக்குள் இருக்கிறார்கள். டோட்முண்ட் அடங்கிய ரூர் பிரதேசத்துத் தெருமூலைகளில் நிற்கும் கியோஸ்க்குகளின் பழைய பெயர் ‘டிரிங்க்ஹாலெ’. தொழிலாளரை மதுவிலிருந்து திருப்ப, மலிவான கனிமநீர் விற்கவே அவை தொடங்கப்பட்டன. அப்படியான கியோஸ்க்குகளை நம்மவர் எத்தனை பேர் இரவும் பகலும் நின்று நடத்தியிருக்கிறார்கள்! தாங்கள் நின்ற இடத்தின் பிறப்பு இதுதான் என்று அவர்களில் அனேகருக்குத் தெரியாது.

ஸ்ட்ருக் என்பவரின் ஆலையிலிருந்து 1873இல் பங்கு நிறுவனமாக உருவானதே டோட்முண்டர் ஊனியோன். அதன் தலைமைக் காய்ச்சுநர் ஃபிரிட்ஸ் பிரிங்க்ஹோஃப். 1848இல் பிறந்து 1927இல் மறைந்த இந்த மனிதர் ஏறத்தாழத் தன் வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரே ஆலைக்குக் கொடுத்தார். இன்றும் ஒரு பியர் அவர் பெயரில் விற்கப்படுகிறது. 1887இல் ஊனியோன் வெளியிட்ட வெளிர்பொன் நிறப் பியர்தான் ‘டோட்முண்டர் எக்ஸ்போர்ட்’ என்று உலகத்துக்குத் தெரியவந்தது. பில்ஸ்னர் வகைப் பியர் போல அவ்வளவு கசப்பில்லை, பவேரியாவின் வெளிர்ப் பியரைவிடச் சற்றுக் காட்டம், வாயில் நிறைகிற ஒரு கனம். சல்ஃபேட் கூடிய இந்த ஊரின் கடினமான தண்ணீர்தான் அந்தக் கனத்துக்கும் கசப்பின் உலர்ந்த முடிவுக்கும் காரணம் என்பார்கள். எங்கள் கேத்தில்களில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பை நாங்கள் எத்தனை வருடம் திட்டியிருக்கிறோம்!

இந்த ஆண்டின் சிறந்த மாலை எது என்று கேட்டால், பியர் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஜேர்மன் பெரியவர் எங்களிடம் வந்த மாலையைத்தான் சொல்வேன். அவர் படமோ பேச்சுக் குறிப்போ கொண்டுவரவில்லை. இரண்டு கடதாசிப் பைகள் மட்டும் கொண்டுவந்தார். ஒன்றிலிருந்து ஆளுக்கு நாலு பார்லி மணியை எண்ணித் தந்து, கடிக்கச் சொன்னார். கல்லுப் போல இருந்தது. பல் பலவீனமானவர்கள் விட்டுவிட்டார்கள். மற்றப் பையிலிருந்து இன்னும் நாலு மணி. அவை ‘கறுக்’ என்று உடைந்து, நாக்கில் மெல்ல இனித்தன. ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுமுன்னர் உலர்த்தி வறுத்த அதே பார்லிதான் அது, மோல்ட். எங்களில் ஒரு மாமி உடனே, “இது நாங்கள் குரக்கனை முளைக்கவைச்சுக் காயப்போட்டுத் திரிக்கிறது மாதிரித்தானே” என்றார். அதை நான் ஜேர்மனில் சொன்னேன். பெரியவர் எழும்பி மாமியின் கையைப் பிடித்து, “அப்படியென்றால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும்” என்றார். ஆலைத் தொழிலாளருக்கு மாதாமாதம் சம்பளத்தோடு கிடைத்த ‘ஹவுஸ்ட்ருங்க்’ என்ற இலவசப் பியரைப் பற்றியும், அதனால் கெட்டுப்போன தன் கூட்டாளிகளைப் பற்றியும் அவர் ஒளிக்காமல் கதைத்தார்.

இனி அந்தக் கோபுரம். 1926–27இல் எமில் மோக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இதுதான் டோட்முண்டின் முதல் வானுயர் கட்டடம். இதன் ஜேர்மன் பெயரிலேயே ‘நிலவறை’ என்ற சொல் இருக்கிறது. நகரத்தின் நடுவில் ஆலை பக்கவாட்டில் பரவ இடமில்லாததால், மண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய நொதியறைகளையும் முதிர்வறைகளையும் மாடிமாடியாக மேலே அடுக்கினார்கள். அத்தனை தொன் பியரின் பாரத்தைத் தாங்கவே அதன் சுவர்களும் தூண்களும் அவ்வளவு தடிப்பு.

போர் பற்றிய சந்திப்பு எங்கள் பலருக்குக் கடினமாக இருந்தது. 1945 மார்ச் 12இல் 1,108 விமானங்கள் இந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. நகரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அந்தப் புகைப்படங்களைத் திரையில் போட்டபோது மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. எங்களுக்கு அந்தத் தெருக்களைப் பார்க்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போருக்குப் பிறகு ஆலைகள் மீண்டன. மீண்டது மட்டுமல்ல, 1970களின் தொடக்கத்தில் டோட்முண்டின் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 70 இலட்சம் ஹெக்டோலிட்டருக்கு மேல் காய்ச்சின. ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர். ஐரோப்பாவின் முதல் பியர் நகரம் என்று பெருமை பேசிய காலம் அது. கோபுர உச்சியில் ஒன்பது மீற்றர் உயரப் பொன்னெழுத்து ஏறியதும் அந்த வளமான காலத்தில்தான், 1968இல். அதை வடிவமைத்தவர் ஏர்ன்ஸ்ட் நொய்ஃபெர்ட்.

1986இல் நான் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய இரவில் முதலில் கண்டது அந்த எழுத்தைத்தான். கையில் ஒரு பையும், விலாசம் எழுதிய கடதாசித் துண்டும் இருந்தன. காற்றில் வறுத்த மாவும் பனங்கட்டியும் கலந்து கொதிப்பது போல ஒரு வாசம். பசியால் வந்த நினைப்பாக்கும் என்று அன்றைக்கு எண்ணினேன். அது ஆலையில் மோல்ட் கொதித்த வாசம் என்று எனக்கு இந்த வருடம்தான் விளங்கியது. பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஒரு மதுச்சாலையின் குசினியில் கிளாஸ் கழுவினேன். சட்டி துடைத்த துணியால் கிளாசைத் துடைத்தால் நுரை நிற்காது, எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் உடனே செத்துவிடும். கிளாசுக்கென்று தனித் தூரிகை, தனித் தொட்டி, கடைசியில் குளிர்தண்ணீர், துடைக்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் கழுவிய கிளாசில் நுரை அசையாமல் நின்றபோது முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் அவ்வளவு சந்தோசப்பட்டேன்.

அந்தக் காலத்திலேயே உள்ளே எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. 1958இலிருந்தே நிலக்கரி நெருக்கடி. டோட்முண்டின் கடைசிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. எக்ஸ்போர்ட் தொழிலாளியின் பியர் என்று பெயரெடுத்திருந்தது. தொழிலாளி போனதும் அதன் மதிப்பும் போயிற்று. சவர்லாண்ட் மலைப்பக்கத்து ஆலைகள் பில்ஸ்னரை மலை ஊற்றுக்களின் படத்தோடு நாடு முழுவதும் விற்றபோது, டோட்முண்ட் ஆலைகள் ஒன்றோடொன்று விலை குறைத்துப் போட்டிபோட்டன. தங்கள் சொந்தச் சரக்கை மலிவு என்று தாங்களே சொல்லி விற்றதுதான் பெரிய தவறு என்பது என் அபிப்பிராயம். ஊனியோன் 1972இல் பேர்லினின் ஷுல்ட்ஹைஸ் ஆலையோடு இணைந்தது. அந்தக் கூட்டு 1988இல் ‘பிரவ் உண்ட் புருனன்’ ஆனது. டோட்முண்டின் தீர் ஆலையைக் குரோனன் ஆலை வாங்கியது, குரோனனை ‘டாப்’ என்ற இன்னோர் ஆலை வாங்கியது, 2004இல் பிரவ் உண்ட் புருனனை ஓட்கர் குடும்பத்தின் ராடெபெர்கர் குழுமம் வாங்கியது. நாங்கள் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கப் போகும் தீர்-கலரீ நிற்பது அந்தத் தீர் ஆலையின் காணியில்தான். ஊ கோபுரத்தில் 1994இல் காய்ச்சல் நின்றது. பிறகு சுற்றியிருந்த கட்டடங்களையும் இடித்தார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் கோபுரம் மட்டும் வெறுங்காணியில் தனியே நின்றது. இன்று பழைய டோட்முண்ட் பெயர்கள் பல இருந்தாலும் அவற்றைக் காய்ச்சுவது ஸ்டைகர் தெருவில் உள்ள ஒரே ஆலை.

2010இல் ரூர் பிரதேசம் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரானபோது கோபுரம் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. திரைப்பட இயக்குநர் அடோல்ஃப் விங்கெல்மானின் திரைக் காட்சிகள் உச்சியில் ஓடுகின்றன. சில நேரம் அந்தத் திரையில் பெரிய புறாக்கள் வந்து உட்காரும். புறா வளர்ப்பு சுரங்கத் தொழிலாளரின் பொழுதுபோக்கு. அதைத் தெரிந்த பிறகு பார்த்தால் அந்தப் புறாக்கள் வேறு மாதிரித் தெரியும். புரட்டாதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே போனோம். ஜேர்மனில் அந்த எழுத்தை ‘ஊ’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அண்ணாந்து பார்த்து, “ரீச்சர், இது ஊர் எழுதுற ஊ” என்றாள். அவளை ஒருவரும் திருத்தவில்லை.

ஸ்டைகர் தெருவில் உள்ள பியர் ஆலை அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போனோம். நேரம் போதவில்லை, இன்னொருமுறை போக வேண்டும்.

ஒரு குறையை நான் சொல்லியாக வேண்டும். மோல்ட் தந்த பெரியவரின் பேச்சை ஒலிப்பதிவு செய்தேன். கைத்தொலைபேசியை மாற்றியபோது அதைப் பிரதி எடுக்காமல் விட்டதால் பதிவு அழிந்துவிட்டது. இது என் கவனக்குறைவு. அங்கத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெரியவர் மீண்டும் வரச் சம்மதித்திருக்கிறார். இம்முறை இரண்டு கருவிகளில் பதிவு செய்ய இளையோர் இருவர் பொறுப்பெடுத்துள்ளார்கள்.

பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்காக மூன்று விடயங்களை முன்வைக்கிறேன். வட்டம் அடுத்த ஆண்டும் தொடர வேண்டும், பொருளாக உருக்காலைகளை எடுக்க விரும்புகிறோம். கியோஸ்க்குகளிலும் மதுச்சாலைக் குசினிகளிலும் ஆலைகளிலும் வேலை செய்த நம்மவரின் அனுபவங்களை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும், விபரம் பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. படித்தவற்றைப் பிள்ளைகளுக்காக எளிய தமிழில் ஒரு சிறு புத்தகமாக்க அனுமதி வேண்டும். மாமியின் குரக்கன் கதை அதில் முதல் பக்கத்தில் வரும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேநீரும் வடையும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், முதலில் எதிர்த்து, பிறகு முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்த அந்த அம்மாவுக்கும் என் நன்றி. அடுத்த சந்திப்புக்கு வருபவர்கள் 80களிலும் 90களிலும் இந்த நகரத்தில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். பின்னணியில் எங்காவது ஒரு மூலையில் ஊ தெரிந்தாலும் போதும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்