கிராம் கணக்கு வேண்டாம், டின் கணக்கு போடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எடை குறைப்பது பற்றிப் போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதும் அதுதான். மொத்தக் கலோரியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்கும் கீழே போனால் இன்னும் நல்லது என்றார்கள். 2,000 கலோரிக்கு அந்த 5 சதவீதம்தான் 25 கிராம். ஆனால் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேட்டால், அடுத்த முறை நீங்கள் அதை வேறு மாதிரி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

மார்க்கெட் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 46. காலை பத்து மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க சாயங்காலம் ஆறாகும். போன வருடம் ஆடி மாதத்தில் என் எடை 74 கிலோ. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.9 சதவீதம் வந்தது. சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்படியே விட்டால் வரும் என்றார் டாக்டர். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக மாத்திரை ஓடுகிறது. காலில் ஒரு புண் ஆறாமல் அவர் பட்ட அவஸ்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் ரொம்பவே பயந்துவிட்டேன்.

ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தினமும் சர்க்கரையைக் கிராம் கிராமாக எழுத ஆரம்பித்தேன். பாலில் எவ்வளவு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியில் எவ்வளவு, கேரட்டில் எவ்வளவு என்று தலை சுற்றியது. ஒரு தெரிந்த அக்கா, "கேரட் இனிக்குதில்ல, அதுவும் சர்க்கரைதான்" என்றார். அதை நம்பி, கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் ஒதுக்கினேன். பிளம்ஸும் பேரிக்காயும் கூடை கூடையாக வந்து இறங்கும் சீசனில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அந்த 25 கிராம் என்பது நாமாகப் போடும் சர்க்கரை, வெல்லம், தேன், சாறாகப் பிழிந்த பழம், கம்பெனிக்காரர்கள் பண்டத்தில் கலக்கும் சர்க்கரை இவற்றுக்கு மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முழுப் பழத்திலும் காய்கறியிலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை அந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரி இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என்னைப் போல எத்தனை பேர் பழத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்களோ.

பழத்தை விட்டவள் வேறு எதைத் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு இந்தக் குளிரில் பசி எடுக்கும். பழத்தைத்தான் விட்டாயிற்றே என்ற தைரியத்தில் டீயோடு இரண்டு வர்க்கி. மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அது. பழத்தில் மிச்சம் பிடித்தது வர்க்கியில் திரும்பி வந்துவிட்டது. காலையில் வெறும் வயிற்றில், எடை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி மலைத்தேன். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான். அந்த ஒரு கரண்டியிலேயே 16 கிராம் போய்விடுகிறது. நல்ல தேன் நம் மலைக்குப் பெருமை, காட்டுக்குள் போய் அதை எடுத்து வருகிறவர்களுக்குப் பிழைப்பு. வாங்குங்கள், சாப்பிடுங்கள். எடை குறைக்கும் மருந்தாக மட்டும் நினைக்க வேண்டாம்.

இரண்டு மாதம் இப்படி எழுதியதில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. தூக்கம்தான் குறைந்தது. கல்யாண வீட்டில் ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் குற்றவாளி மாதிரி கிடந்தேன்.

அப்புறம் ஒரு ரேஷன் நாளில்தான் எனக்குத் தெளிவு வந்தது. ரேஷனில் ஆளுக்கு அரைக் கிலோ, ஓர் அட்டைக்கு அதிகபட்சம் இரண்டு கிலோ சர்க்கரை. எங்கள் வீட்டில் நாலு பேர், அதனால் இரண்டு கிலோ கிடைக்கும். அதை டின்னில் கொட்டும்போது யோசித்தேன். அரைக் கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 கிராம். ஆனால் நாங்கள் மாதாமாதம் மளிகைக் கடையில் இன்னும் மூன்று கிலோ அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை, வாங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் ஐந்து கிலோ. ஆளுக்கு, நாளுக்கு 42 கிராம்! இத்தனை நாள் கேரட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே என்று மனசு வலித்தது.

இது வீட்டுக்குள் மட்டும். கடையில் இருக்கும்போது பக்கத்து டீக்கடையிலிருந்து தினமும் நாலு டீ வரும். எங்கள் ஊர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருக்கிறது, டீ இல்லாமல் விரல் மடங்காது. கண்ணாடி டம்ளரில் முதலில் சர்க்கரையைப் போட்டுவிட்டுத்தான் டிகாஷனையும் பாலையும் ஊற்றுவார்கள். ஒரு நாள் அந்த அண்ணாவிடம் ஸ்பூனை வாங்கிப் போய், மளிகைக் கடைத் தராசில் தலை தட்டாமல் பத்து ஸ்பூன் போட்டு நிறுத்துப் பார்த்தேன். 62 கிராம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டீக்கு 50 கிராம் ஆகிறது. வீட்டுச் சராசரியோடு சேர்த்தால் ஒரு நாளைக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறேன். அந்த ஆகாத சர்க்கரையில் மட்டும் சுமார் 360 கலோரி.

"வித்தவுட்" கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். கேட்டேன். "ஏங்க்கா, சர்க்கரை வந்துருச்சா?" என்று நாலு பேர் முன்னால் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் சர்க்கரை வேண்டாம் என்பவர் நோயாளி, வேண்டும் என்பவர் ஆரோக்கியசாலி என்று ஆகிவிட்டது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த நிலைமையில் டீக்கடைகளில் சர்க்கரையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த அண்ணாவிடம் இதைச் சொன்னேன். எனக்கு மட்டும் அப்படிக் கொடுக்கிறார். இப்போது அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்.

கிராம் நோட்டை மூடிவிட்டேன். மாதத்துக்கு ஒரு டின், இரண்டு கிலோ, அவ்வளவுதான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எது வாங்கினாலும் அந்த எடையை டின்னிலிருந்து கழித்துக்கொள்கிறோம். டின் எப்போது காலியாகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். ஜனவரியில் பொங்கலும், பக்கத்து வீட்டுப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை விருந்தும் சேர்ந்து வந்ததில் இருபதாம் தேதியே டின் தீர்ந்தது. சரி, மீதி நாள் சர்க்கரை இல்லாமல் ஓட்டினோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனால் பழகிவிட்டார்கள். டீ இரண்டாகக் குறைந்தது, அரை அரை ஸ்பூன். வர்க்கி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது, அதன் இடத்துக்குப் பேரிக்காயும் வேகவைத்த அவரையும் வந்தன. கடையை மூடிவிட்டு டானிங்டன் வரை நடந்து திரும்புகிறேன். பத்து மாதத்தில் 74 கிலோ 68 ஆனது. சர்க்கரையைக் குறைத்ததால் மட்டும் எடை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். நடையும் வர்க்கியை விட்டதும் பாதிக் காரணம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நேராக ஒரு சதவீதம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அது 50 கிராமை முழு அளவாக வைத்துப் போடும் கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அப்படி. ஆகவே 20 சதவீதம் என்றிருந்தால் 10 கிராம் என்று அர்த்தம். நீங்கள் சொன்ன 25 கிராமை வைத்துப் பார்த்தால் அது 40 சதவீதம்! அதுவும் அவர்கள் ஒரு வேளைக்கு என்று வைத்திருக்கும் இரண்டு, மூன்று பிஸ்கட்டுக்குத்தான், முழுப் பாக்கெட்டுக்கு அல்ல. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் என் மகளை வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பெரிதாகப் படம் போட்டு, எந்த வரி எதைச் சொல்கிறது என்று விளக்கி ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். கிராமுக்குப் பக்கத்திலேயே எத்தனை ஸ்பூன், நாலு பேர் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ என்பதையும் போடுங்கள்.

கூடவே, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற என் அம்மா போன்றவர்களுக்கு இந்த டின் கணக்கு பொருந்தாது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு என்ன அளவு என்று ஒரு டாக்டரை எழுதச் சொன்னால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.