கோலியை முதலில் பார், பெட்டியை அப்புறம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கோலிக்குண்டுகள் பெட்டியோடு கிடைப்பது பெரிய விஷயம்மா. அதிலும் நீ இருக்கும் ஒஹாயோதான் இயந்திரக் கோலிகளின் தாய்வீடு. அங்கே ஆக்ரன் ஊரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் உருவாக்கிய இயந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்னால் அழகான கண்ணாடிக் கோலி என்றால் ஜெர்மனியிலிருந்து, பெரும்பாலும் லவுஷா பக்கமிருந்து, கைவேலையாக வந்ததுதான்.

பெட்டியில் பெயர் இருக்கிறதே என்று உள்ளே இருப்பதையெல்லாம் அந்தக் கம்பெனிக் கணக்கில் எழுதிவிடாதே. அட்டையை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் கோலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து மெதுவாக உருட்டிப் பார்.

கைவேலைக் கோலியை நீளமான கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டிய முனையில் சொரசொரப்பான தழும்பு இருக்கும், அல்லது அதைத் தேய்த்த அடையாளம் தெரியும். கிறிஸ்டென்சனின் ஆரம்பகாலக் கோலிகளை உருட்டியது இயந்திரம் என்றாலும், கண்ணாடிக் குழம்பைக் கையால்தான் அள்ளி ஊற்றினார்கள். அதனால் நல்ல கோலியில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு 9 போலச் சுருண்டிருக்கும். எதிர்ப்பக்கம் கத்தரித்த சிறு வரி தெரியும். தழும்பே இல்லாமல் ஒரே சீராகப் பளபளக்கும் 'பழைய' கைவேலைக் கோலியைச் சந்தேகப்படு. பிற்காலத்தில் யாரோ மெருகேற்றியிருக்கலாம். அப்படிச் செய்தால் மதிப்பு இறங்கிவிடும்.

மூன்றாவது படத்தில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கோலியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்புப் பட்டை ஒரு முனையில் தொடங்கி, திருகாணி மரை மாதிரிச் சுற்றிக்கொண்டே போய் மறுமுனையில் முடிகிறது, இல்லையா? பட்டையின் இரண்டு நுனிகளும் எங்கேயும் ஒன்றுசேரவில்லை. அது ஆக்ரோ அகேட் கம்பெனியின் கைவரிசை. ஆக்ரனில் பிறந்து, 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்கு இடம் மாறி, 1951இல் மூடிய கம்பெனி அது.

மூடியில் ஆங்கில 'ஏ' எழுத்துக்குள் புகுந்து பறக்கும் காகம் இருக்கிறதே, அதுவும் அவர்களுடைய முத்திரைதான். ஆனால் மூலையில் நான்கைந்து பூனைக்கண் கோலிகள் கிடக்கின்றன. அவை ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்து குவிந்தது 1950களில். எந்தப் பிள்ளையோ விளையாடிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடியிருக்க வேண்டும். அவற்றைத் தனியாக எடுத்து வை.

அட்டையைச் சோதிக்க இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார். வெள்ளைப் பகுதி நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்து அட்டையாக இருக்காது. கோலி பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் கலந்திருக்கலாம். அதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. வாயில் மடித்துப் பிடித்த அச்சட்டையோடு கோலிப் பை ஏதாவது கிடைத்தால், அதிலுள்ள முகவரியைப் படி. அமெரிக்க அஞ்சல் குறியீடான ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் 1970களுக்கு முன்னால் போகவே முடியாது.

கிழிந்த மூலையில் தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதே. அந்தப் பசை மஞ்சளாகி அட்டையையே தின்றுவிடும். கோலிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். வெந்நீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் வை.

சரி, அந்தச் சிவப்புக் கோலியின் இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பு. பெட்டியின் அடிப்பக்கத்தையும் அனுப்பு, ஏதாவது எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா