வலென்சியாவிலிருந்து கடைமடைக்காரிக்கு

வலென்சியா
ஸ்பெயின்
ஏப்ரல், 2025

அன்புள்ள கடைமடைக்காரிக்கு,

அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? லட்சுமி கன்று போட்டுவிட்டதா? சின்னவனுக்கு அந்தத் திருவாரூர் இடம் திகைந்ததா இல்லையா? மூன்றுக்கும் பதில் வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் முழங்கால் பரவாயில்லை.

அக்டோபர் கடைசியில் இங்கே வெள்ளம் வந்தபோது நீ ஏழு தடவை கேட்டாய். நான் "பத்திரமாக இருக்கிறோம்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு ஐந்து மாதத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டேன். உனக்குக் கோபம் என்று மீனா சொன்னாள். நியாயமான கோபம்தான். கஜா அடித்த ராத்திரி, கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தத்துக்கு நடுவில் எனக்குப் போன் போட்டுப் பேசியவள் நீ. அப்படிப்பட்டவளிடம் நான் மறைத்திருக்கக் கூடாது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதுதான் நிஜம். போன சனிக்கிழமை நடந்துவிட்டு வந்த பிறகுதான் வார்த்தை வருகிறது.

அன்றைக்கு இந்த ஊருக்குள் மழையே இல்லை தெரியுமா? காற்று மட்டும் அடித்தது. பேரனுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 8.11க்கு வீட்டில் இருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. வெள்ள எச்சரிக்கை. அதற்குள் தெற்கே பாய்போர்த்தா, கத்தர்ரோஹா பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மேலே மலைப்பக்கம் பெய்த மழை, போயோ என்கிற காட்டாற்றில் இறங்கி வந்திருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிற ஓடை அது. இந்த மாகாணத்தில் மட்டும் 220 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வண்டியை மேடேற்றலாம் என்று நிலவறைக்கு இறங்கியவர்கள், கீழ்த்தள வீட்டில் தனியாக இருந்த கிழவிகள்.

நாங்கள் இருப்பது வடக்கே, பெனிமாக்லெத். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1957 அக்டோபர் 14ல் துரியா ஆறு நகரத்துக்குள் புகுந்து 80 பேருக்கு மேல் செத்த பிறகு, ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இப்போது பூங்கா. மேலே பதினெட்டுப் பாலம், கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். புதுக் கால்வாய் அந்த ராத்திரி நகரத்தைக் காப்பாற்றியது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை யார் காப்பாற்றுவது?

மறுநாளிலிருந்து ஜனங்கள் துடைப்பமும் மண்வாரியும் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் முறை வைத்துக்கொண்டு போனார்கள். நான் குழந்தையோடு வீட்டில். சாயங்காலம் மகள் வந்து பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அந்த வாசனை அடித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நம் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து வடிந்ததும் வருமே, அதே வண்டல் வாசனை. முப்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனை விவசாயிக்கு அந்த மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி "இதுதான் உங்களுக்கு ஆறு கொடுத்த சொத்து" என்று சொல்லியிருப்பேன். அதே மண் மகளின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அதைக் குழாயடியில் கழுவினேன். அதற்கப்புறம் வயல் பக்கமே போகவில்லை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் வயல் ஆரம்பம். பால்கனியில் நின்றால் தெரியும். ஆனாலும் போகவில்லை.

சனிக்கிழமை மகள்தான் விரட்டினாள். "ஆரஞ்சு பூத்திருக்கிறது, போய் மோந்துவிட்டு வா" என்றாள். போனேன்.

அடியே, பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். பழைய ரயில் பாதையைத் தண்டவாளம் எடுத்துவிட்டு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், வியா சுர்ரா என்று பெயர். வலென்சியாவிலிருந்து புசோல் வரைக்கும் நேர்கோடாகப் போகிறது. இரண்டு பக்கமும் வயல். இந்தச் சமவெளிக்கு ஓர்த்தா என்று பெயர். கிழக்கே சற்றுத் தூரத்தில் கடல், வடக்கே கால்தெரோனா மலை நீலமாக. நடுவில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. கூனைப்பூ, அதான் ஆர்டிசோக், அந்தச் செடிகள் சாம்பல் பூசின மாதிரி வரிசையாக நிற்கின்றன. வெங்காயம், கீரை மாதிரி நீள இலைக் கோசு, உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றும் ஒரு மா, இரண்டு மா நிலம்தான். பெரிய பண்ணை என்று கண்ணில் படவே இல்லை. பழைய பண்ணைவீடுகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பேரீச்சமரம் நிற்கிறது. பாதை ஓரமாகவே வாய்க்கால். கால் நனைகிற ஆழம்தான். ஆனால் என்ன ஓட்டம்! சத்தம் கூடவே வந்துகொண்டிருந்தது. முதல் அரை மணி நேரம் அதைப் பார்க்காமல்தான் நடந்தேன். பிறகு ஒரு மதகடியில் உட்கார்ந்து கையை விட்டேன். குளிர்ந்து கிடந்தது. அழுதேன். யாரும் இல்லை.

வாய்க்காலுக்கு இங்கே செக்கியா என்று பெயர். அரபுச் சொல். அணைக்கட்டுக்கும், பண்ணைவீட்டுக்கும், தெற்கே நெல் விளைகிற அல்புஃபேரா ஏரிக்கும் எல்லாமே அரபியிலிருந்து வந்த பெயர்தான். 1238ல் ஜாவ்மே என்கிற கிறிஸ்தவ ராஜா முஸ்லிம்களிடமிருந்து ஊரைப் பிடித்த பிறகு, தண்ணீர் விஷயத்தில் மட்டும் முஸ்லிம்கள் காலத்தில் எப்படி நடந்ததோ அப்படியே நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1609ல் முஸ்லிம் வம்சத்தில் வந்தவர்களை, ஞானஸ்நானம் வாங்கியிருந்தும்கூட, கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். வெட்டியவன் போனான், வாய்க்காலும் அதன் பெயரும் தங்கிவிட்டன. நடக்க நடக்க அந்த நினைப்பு விடவில்லை.

சூஃபா விஷயம் சொல்லாவிட்டால் நீ என்னை மன்னிக்கமாட்டாய். அல்போராயாவில் ஒரு பெரியவர் வீட்டு மேல்மாடியில் எதையோ மரப்பலகையால் கிளறிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டினார். தரை முழுக்கச் சின்னச் சின்னக் கிழங்கு. சுருங்கிப் போன சுண்டக்காய் மாதிரி. கடித்தால் தேங்காயும் பாதாமும் கலந்த ருசி. என்ன தெரியுமா அது? கோரைக்கிழங்கு! நம் வயலில் மண்டுகிற கோரையின் பங்காளி. நீ கொத்துக் கொத்தாகப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டுத் திட்டுவாயே, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சியை இங்கே பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிறார்கள். ஏப்ரல், மே மாதத்தில் நடவு. நவம்பர் வாக்கில் தழை காய்ந்ததும் அதைக் கொளுத்திவிட்டுத் தோண்டுகிறார்கள். மூன்று மாதம் மாடியில் நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். பிறகு ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, சர்க்கரை போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். ஓர்ச்சாத்தா என்று பெயர். நீளமான ஒரு பன்னை அதில் முக்கித் தின்கிறார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

மகளைப் போனில் பிடித்து, எங்கள் ஊரில் இது களை என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "எனக்கப்புறம் இங்கேயும் களைதான்" என்றாராம். பையன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். நிலத்தைச் சுற்றி ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் அடுக்குமாடி. 2018ல் ஓர்த்தாவைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள். 2019ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலக வேளாண் மரபுகளில் இதையும் சேர்த்திருக்கிறது. சட்டம் நிலத்தைக் காப்பாற்றும். மண்வெட்டியைப் பிடிக்க ஆளைக் கொடுக்குமா? உன் பெரியவன் சென்னையிலிருந்து திரும்பமாட்டான் என்று நீ சொன்ன அன்று உன் குரல் எப்படி இருந்ததோ, இவர் குரலும் அப்படியே இருந்தது. பாஷை புரியாமலே அது எனக்குப் புரிந்தது.

அவர்தான் "நாக்கு" பார்க்க வழி காட்டினார். உனக்காகவே அதை நன்றாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். வாய்க்கால் நடுவில் மூக்குக் கூராகக் கல் கட்டிவைத்திருக்கிறார்கள். வருகிற தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பக்கம் இந்த ஊருக்கு, அந்தப் பக்கம் அந்த ஊருக்கு. எந்த ஊருக்கு எவ்வளவு நிலமோ அந்தக் கணக்குக்கு வாயின் அகலம். பலகை கிடையாது, பூட்டு கிடையாது, ஏற்றி இறக்க ஆளும் கிடையாது. இத்தனை கன அடி உனக்கு என்ற பேச்சே இல்லை. ஆற்றில் நிறைய வந்தால் எல்லோருக்கும் நிறைய, குறைந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறைச்சல். மேலே இருக்கிறவன் வயிறு நிறைந்த பிறகு மிச்சம் கீழே என்கிற பேச்சுக்கே அந்தக் கல் இடம் கொடுக்கவில்லை. நாற்பது வருஷமாக நீ எல்லாக் கூட்டத்திலும் எழுந்து நின்று கத்துகிற விஷயத்தை இங்கே ஒரு கல் பேசாமல் செய்துகொண்டிருக்கிறது. ராஸ்காஞா வாய்க்காலில், அல்போராயாவுக்கும் அல்மாசெராவுக்கும் பிரிகிற இடம். உன்னைக் கூட்டிவந்து அந்தக் கல்லைத் தொட வைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அதோடு விட மனசில்லை. வியாழக்கிழமை கதீட்ரலுக்கு, இந்த ஊர்ப் பெரிய தேவாலயத்துக்கு, போனேன். ஒவ்வொரு வியாழனும் மதியம் 12 மணிக்கு அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்பது இவர்கள் மரபு. 2009ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. இரும்பு வேலிக்குள் வட்டமாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்காலின் பெயர். மணி அடித்ததும் கறுப்புச் சட்டை போட்ட எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் விவசாயிகள், அந்தந்த வாய்க்கால்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள். வக்கீல் கிடையாது. விசாரணை எல்லாம் வாய்ப்பேச்சில், அதுவும் அவர்கள் வலென்சியப் பாஷையில். பேசவேண்டியவரைத் தலைவர் காலால்தான் சுட்டுவாராம். யார்மேல் புகாரோ, அவருடைய வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. முறை தவறித் தண்ணீர் எடுத்தது, பக்கத்து வயலை மூழ்கடித்தது, தன் பங்கு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது, இவைதான் வழக்கு. நாலாம் நம்பர் மதகு விவகாரத்துக்கு உன்னை இந்த வட்டத்துக்குள் நிறுத்தியிருந்தால், எட்டுப் பேரும் சேர்ந்து உனக்குத்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

சேவகர் ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குவார்த் வாய்க்கால்மேல் புகார் உண்டா? சத்தம் இல்லை. அடுத்தது. சத்தம் இல்லை. ஃபவாராவைக் கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அது தெற்கே பாய்கிற வாய்க்கால், வெள்ளம் வந்த பக்கம். அதற்கும் யாரும் எழவில்லை. எட்டுப் பெயரும் முடிந்தது, எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்கள் இவ்வளவுதானா என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அங்கிருந்து நகர மனசில்லை. தண்ணீருக்காக வெட்டும் குத்தும் பார்த்தவர்கள் நாம். ஒரு வாரம் முழுக்க ஒருவன் பங்கில் இன்னொருவன் கை வைக்கவில்லை என்று நாலு பேர் முன்னால், வாய்க்கால் வாய்க்காலாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதை நீ பார்க்க வேண்டும்.

மேலே பெய்கிற மழைக்கு அப்படி ஒரு நாக்குக் கல் கிடையாது என்பதும் தெரிகிறது. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் போகிறது. மகளோடு வேலை பார்க்கிற பெண்ணின் அம்மா, பாய்போர்த்தாவில் மாடிப்படியில் ராத்திரி முழுக்க நின்று பிழைத்தவர், இன்னும் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறேன். எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். சாப்பிடுவாரா என்ன?

சூஃபா கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், தின்பதற்கு மட்டும். விதைக்கக் கேட்காதே, இருக்கிற களையோடு இன்னொரு களையை உன் வயலில் இறக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஜூன் முதல் வாரம் டிக்கெட் போட்டாயிற்று. 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் உன் மடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் பார்த்து எழுது. அது வந்து சேருகிற அன்று நான் உன்னோடு வரப்பில் நிற்கவேண்டும். அண்ணனிடம் சொல்லிவை, திண்ணையில் எனக்கு இடம் போட்டு வைக்கட்டும்.

அன்புடன்,
உன் தலைமடை