செயலாளரின் ஆண்டறிக்கை: ‘எக்’ குழுவோடு ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

சென்ற பொதுக்குழுவில் பேசிக்கொண்டபடி, இந்த வருடம் ஒரே ஒரு இசைக்குழுவை எடுத்து முழுதாகக் கேட்டோம். இங்கிலாந்தின் ‘எக்’. ராக் இசையைச் செவ்வியல் இசைபோல நீண்ட, சிக்கலான வடிவங்களில் வாசிக்கும் ப்ராக்ரசிவ் ராக் என்றால் பிங்க் ஃப்ளாய்ட், ஜெனிசிஸ் என்று அடுக்குகிறோம். இவர்கள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. எனக்கு அது நெடுநாள் வருத்தம்.

லண்டன் பள்ளித் தோழர்கள் மூன்று பேர்: டேவ் ஸ்டூவர்ட், மாண்ட் கேம்ப்பெல், ஸ்டீவ் ஹில்லேஜ். டிரம்ஸுக்குக் கிளைவ் ப்ரூக்ஸ் வந்து சேர, 1968இல் ‘யூரியல்’ என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். அந்தக் கோடையை இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் ஒரு ஹோட்டலில் வாசித்துக் கழித்தார்கள். பிறகு ஹில்லேஜ் கென்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டார். கிட்டார் போனது. வேறு கிட்டார்காரரைத் தேடாமல் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் என்று மூவராகவே நின்று ‘எக்’ ஆனார்கள். இவர்களுடைய தனிக்குரல் அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

1969இல் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு. தாளக் கணக்கையே பாட்டின் பொருளாக்கி, ஏழு எண்ணிக்கையைக் கொண்டாடுகிறார்கள். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் ஊறிய நம் உறுப்பினர்கள் சிலர் அன்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்டது கண்ணுக்குள் நிற்கிறது. அதே வருடம் ஹில்லேஜைக் கூட்டிக்கொண்டு, புனைபெயர்களில், ‘அர்ஸாக்கெல்’ என்று ஒரு தட்டும் பதிவு செய்தார்கள்.

1970இல் முதல் ஆல்பம். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தி வாசிக்கும் பாஹின் ஃபியூக் ஒன்றும், ஒரு பக்கம் முழுக்க ஓடும் சிம்பொனியும் அதில் இருக்கின்றன. சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் சாயல் இருந்ததால், பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று பயந்து அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து ‘தி பொலைட் ஃபோர்ஸ்’. 1970இலேயே பதிவாகியும், வெளியிடக் கம்பெனி தயங்கியதால் 1971இல்தான் வந்தது. நான் கேட்டவற்றில் இதுதான் உச்சம். வைட் தீவு நாள்களை நினைத்துப் பாடும் முதல் பாட்டை, நம் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

அப்புறம் கச்சேரிகள் குறைந்தன. புதிய இசை கையில் இருந்தது. பதிவு செய்யத்தான் யாரும் முன்வரவில்லை. 1972இல் பிரிந்தார்கள். ப்ரூக்ஸ் கிரவுண்ட்ஹாக்ஸ் குழுவுக்குப் போனார். ஸ்டூவர்ட் பிறகு ஹாட்ஃபீல்ட் அண்ட் த நார்த் என்ற குழுவில் வாசித்தார். ஆனாலும் அந்த இசையைக் கைவிட மனம் வரவில்லை போலும். 1974இல் மூவரும் கூடி ‘தி சிவில் சர்ஃபேஸ்’ ஆல்பத்தில் அதைப் பதிவு செய்து தந்தார்கள். கச்சேரி மேடைக்காக அல்ல, எழுதியது வீணாகக் கூடாது என்பதற்காக வந்த தட்டு அது. அதனாலேயே எனக்கு அதன்மீது தனிப் பாசம்.

ப்ரூக்ஸ் 2017இல் காலமானார். அவர் நினைவாக இரண்டு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருடத்துக்கு ஹாட்ஃபீல்ட் குழுவை முன்மொழிகிறேன். முதல் ஆல்பத்தில் விட்டுப்போன சிம்பொனியின் அந்த மூன்றாம் பகுதி பல வருடம் கழித்து சிடியில் வந்தது. தேநீர் முடிந்ததும் அதைப் போடுகிறோம். யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்