பிரசவத்தோடு முடியாத பிரஷர்: கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி அந்தப் பிரசவ ஃபைல் எதற்கு என்று போனில் கேட்டாய். தூக்கிப் போட்டுவிடாதே. இனிமேல் அதுதான் உன் இதயத்துக்கான ஃபைல். போனில் சொன்னால் குட்டி அழுகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

உனக்கு வந்தது ப்ரீ-எக்ளாம்சியா, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கிற நோய். 170/110 வரை ஏறிய பிரஷர், யூரினில் புரோட்டீன், 33-வது வாரத்தில் சிசேரியன். நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்பார்கள். அது பாதிதான் உண்மை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகக் கிடைக்காதபோது அது சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் பழுதாக்குவது அவைதான். நஞ்சுக்கொடி போனதும் அந்தப் புரதங்கள் போய்விடும். ஆனால் உள்சுவரின் பழுதும், பிரஷருக்கு எதிராக அழுத்தி அழுத்தித் தடித்த இதயத்தின் இடது அறையும் எல்லோருக்கும் முழுதாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. பிரஷர், சர்க்கரைக்கான தன்மை சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் இருந்து, கர்ப்பம் அதை வெளியே காட்டியிருக்கலாம். எது முதலில் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. ப்ரீ-எக்ளாம்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர பிரஷர் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு, இதயக் குழாய் அடைப்புக்கு 2 மடங்குக்குச் சற்று மேல், பக்கவாதத்துக்கு 1.8 மடங்கு. 37 வாரத்துக்கு முன்பே பிரசவமானால் ஆபத்து இன்னும் கூடும்; நீ அந்தக் கூட்டத்தில் இருக்கிறாய். பயப்படாதே. 31 வயதில் மாரடைப்பு வாய்ப்பு மிகச் சிறியது, இரண்டு மடங்கானாலும் சிறியதுதான். விஷயம் என்னவென்றால், மற்றவர்கள் 50 வயதில் பார்க்க ஆரம்பிப்பதை நீ இப்போதே பார்க்க வேண்டும். அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே இதைப் பெண்களின் இதய ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு வலி என்று வரும் பெண்ணிடம் "பிரசவத்தில் பிரஷர் இருந்ததா" என்று கேட்கிற டாக்டர் குறைவு. கேட்காவிட்டாலும் நீ சொல்ல வேண்டும். ஒரே வரி: "33 வாரத்தில் ப்ரீ-எக்ளாம்சியா, சிசேரியன், பிரஷர் 170/110, வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள்." டிஸ்சார்ஜ் சம்மரியில் இதோடு பிளேட்லெட், லிவர் ரிப்போர்ட், குழந்தையின் எடை எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள். பிரசவம் பார்த்த டாக்டர் ஆறு வாரத்தில் கையைக் கழுவிவிடுவார், அதற்குப் பிறகு ஃபைலைச் சுமப்பது நீதான்.

பிரஷர் மெஷின் வாங்கு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை கொஞ்சம் இறங்கினாலும் அளவு மாறும். மேல்கையில் கட்டுவதை வாங்கு. முதலில் தையல் டேப்பால் மேல்கையின் சுற்றளவை எடு. பெரும்பாலான மெஷினோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். அதற்கு மேல் இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கேள். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

அளக்கும் முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். யூரின் போய்விட்டு வா. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிரஷர் ஏறும். நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிஷம் சும்மா இரு. நைட்டியின் கைக்கு மேலேயே கட்டாதே. பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, கை மேஜை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். பட்டையில் காற்று ஏறும்போது பேசக் கூடாது. குட்டி மடியில் இருந்தால் அந்த நேரத்தில் அளக்கவே வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடு. வீட்டில் 135/85-க்கு மேல் சராசரி வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். கிளினிக்கில் வைக்கிற 140/90-க்குச் சமம். இந்த வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு வாரம் பார். நார்மலாகவே இருந்தால் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் அதை ஆயுசுக்கும் விடக் கூடாது. 2023-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், பிரசவமான முதல் வாரங்களில் வீட்டிலேயே அளந்து, டாக்டரின் வழிகாட்டுதலில் மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்ட பெண்களுக்கு, ஒன்பது மாதம் கழித்தும் பிரஷர் சுமார் 6 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரையை எப்போதோ நிறுத்திய பிறகும்!

டெஸ்ட் எடுக்கப் போனால் ஐயாயிரம் ரூபாய்க்கு மாஸ்டர் செக்கப் விற்பார்கள். உனக்கு வேண்டியது நாலைந்துதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, கிட்னிக்கான கிரியாட்டினின், யூரின் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். கடைசியாகச் சொன்னது பல பேக்கேஜில் இருக்காது, கேட்டு எடு. கிட்னியில் மிச்சமிருக்கும் பாதிப்பை அதுதான் சீக்கிரம் காட்டும். ரத்தசோகை இன்னும் இருந்தால் எச்பிஏ1சி பொய்யாகக் கூடலாம், அதை மட்டும் நம்பாதே. பிரஷர் ஏறவில்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அவசரமில்லை.

உப்புக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். மாதம் 150 கிராம். நீயும் மாப்பிள்ளையும் மட்டும் சாப்பிடுகிற வீட்டில் 1 கிலோ பாக்கெட் மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, வெளியே வாங்கும் பிரியாணி இதெல்லாம் தனிக் கணக்கு என்பதால் உண்மையில் இன்னும் அதிக நாள் வர வேண்டும். ஒரு மாதத்திலேயே பாக்கெட் தீர்ந்தால் நீயே புரிந்துகொள். அத்தை இந்துப்பு நல்லது என்பார்கள், வாதாட வேண்டாம், ஆனால் அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பு பிரஷருக்கு நல்லது. எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுத்தாலோ கிட்னியில் குறை இருந்தாலோ மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23-க்குள். நம் ஊர் உடம்புக்கு வெள்ளைக்காரர்களின் 25 பொருந்தாது. வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் நட. பாலை உன்னால் முடிகிற வரைக்கும் கொடு, அது உனக்கும் நல்லதுதான்.

இன்னொரு குழந்தை பற்றி இப்போது பேச்சில்லை என்றாய், சரி. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை மட்டும் டாக்டரிடம் உன் கதையைச் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்காதே, பிரஷரை ஏற்றும். மறுபடி உண்டானால், 28-இலிருந்து 34 வாரத்துக்குள் பிரசவமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு இது திரும்ப வருகிறது. நாள் தள்ளியதுமே டாக்டரைப் பார். 12-வது வாரத்திலிருந்து, எப்படியும் 16-க்கு முன், ராத்திரி படுக்கும்போது சின்ன அளவு ஆஸ்பிரின். 75-இல் இருந்து 150 மில்லிகிராம் வரை, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார். தாமதமாக ஆரம்பித்தால் பலன் குறைவு, நஞ்சுக்கொடி அதற்குள் வேரூன்றிவிடும். கால்சியமும் கொடுப்பார்கள், இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே. இடையில் உனக்கு எனலாப்ரில், லோசார்ட்டன் அல்லது கொழுப்பு மாத்திரை எழுதியிருந்தால் குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள். தாய்ப்பால் கொடுக்கும்போது ஒத்துக்கொள்கிற எனலாப்ரில், கர்ப்பத்தில் சிசுவின் கிட்னியைக் கெடுக்கும்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டில் பொம்பளைகளுக்கு நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்தான், சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். உனக்குத் தாடை, தோள், முதுகுக்கு நடுவில் வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமில்லாத மூச்சிரைப்பு என்று வந்து சில நிமிஷத்தில் அடங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடு. ஸ்கூட்டரில் போகாதே. முதல் ஈசிஜி நார்மல் என்று அனுப்பப் பார்த்தால், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் இன்னொரு ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேள். படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை தேவைப்படுகிறது, கால் வீங்குகிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. அதற்குத்தான் எக்கோ.

மெஷின் விலையை அப்பா விசாரித்து வைத்திருக்கிறார், பணம் அனுப்பச் சொல்கிறேன். வாங்கும் முன் கைச் சுற்றளவை எனக்கு எழுது, எந்தப் பட்டை சரி என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா